தணிகாசலம் சாருக்கு மட்டும் வெயில்

மேல்வனூர் அரசு நடுநிலைப் பள்ளியின் புங்க மரத்தை வேரோடு பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில், மரம் நின்ற இடத்தில் அதன் நிழல் இருந்தது. முதலில் பார்த்தவர் பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் சம்பந்தம். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்தவர், மேற்குச் சுற்றுச்சுவர் வரைக்கும் நீண்டு கிடந்த அந்த நிழலைப் பார்த்தார், அது தினமும் கிடப்பதுதானே என்று உள்ளே போனார், டிக்காஷன் இறக்கினார், இரண்டாவது டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போதுதான் மரம் இல்லையே என்பது அவருக்கு உறைத்தது.

ஒன்பது மணிக்குள் ஊர் கூடிவிட்டது. வேர் பறித்த குழியைச் செம்மண் கொட்டி மூடியிருந்தார்கள், அதன்மேல் ஜே.சி.பி.யின் சக்கரத் தடம் இருந்தது, அந்தத் தடத்தின்மேல் இலை இலையாக நிழல் அசைந்துகொண்டிருந்தது. வெயில் ஏற ஏற நிழல் சுருங்கி நடுவுக்கு வந்தது, பகல் சாய்ந்ததும் கிழக்கே நீண்டது, காற்று வந்தபோது சலசலப்பே இல்லாமல் ஆடியது, சாயங்காலம் காக்கைகளின் நிழல் வந்து அதற்குள் அடைந்தது, அண்ணாந்து பார்த்தால் வானம் மட்டும் வெறுமையாக இருந்தது. மூன்று நாள் ஊர் கற்பூரம் கொளுத்தியது. நான்காம் நாள் புழுக்கம் தாங்காமல் கற்பூரத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டது.

அதன்பிறகு ஆச்சரியம் வேலைகளாக மாறியது. சிலர் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். படத்தில் வெறும் நிழல்தான் தெரிந்தது, நிழலைப் படம் எடுத்து யாருக்கு அனுப்புவது என்று விட்டுவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து நிழலைச் சுற்றிக் காலடியால் அளந்தார். "அடங்கல் ரிஜிஸ்டர்ல மரத்துக்குக் கட்டம் இருக்குது, கெணத்துக்குக் கட்டம் இருக்குது, இதுக்கு இல்லீங்களே" என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'இதர விவரம்' என்ற இடத்தில் 'நிழல் ஒன்று' என்று எழுதிக்கொண்டு போனார். மரத்தை ஏலத்தில் எடுத்த பச்சையப்பன் பைக்கில் வந்து, வண்டியை விட்டு இறங்காமலே, "மரத்துக்குத்தாங்க நான் பொறுப்பு, இது எனக்குத் தெரியாது" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. என் டிப்போவுல அந்தக் கட்டைங்க கெடக்குது பாருங்க, உச்சி வெயில்ல கூட அதுக்கு நெழலே விழ மாட்டேங்குது" என்றார்.

மரத்தை எடுத்ததே கணினி அறை கட்டுவதற்காகத்தான். கட்ட வந்த இன்ஜினியர் நிழலைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி நிழலைப் பார்த்தார். "கூரை மேல சோலார் வெக்கணும்னு பிளான்ல இருக்குது. வெயிலே படாத எடத்துல சோலார் வெச்சு நான் இன்னா சார் பண்றது?" என்று கேட்டுவிட்டு, கட்டடத்தைச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் தள்ளிப் போட்டார். அங்கே வேண்டிய இடம் இருந்தது. அந்த இடம் எப்போதும் அங்கேயேதான் இருந்தது. பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியர் தணிகாசலம் சார், அந்தக் காலி இடம்வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தின் கிளை ஒன்று முறிந்து காலியாக இருந்த சைக்கிள் நிறுத்தத்தின்மேல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை, ஒரு குருவிக் கூடுகூடக் கலையவில்லை, ஆனாலும் திங்கட்கிழமையாக இருந்திருந்தால் என்ற ஒரே நினைப்பு அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. கணினி அறைக்கு உத்தரவு வந்தபோது அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் கிடைத்தது. மரம் வெட்ட அனுமதி கேட்கும் படிவத்தில் பதினொரு கட்டங்கள். ஒன்பதாவது கட்டம், 'மரத்தால் விளையும் பயன்.' தாலுகா அலுவலகத்து எழுத்தர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "பயன்னு எதாச்சும் எழுதுனா ஃபைல் கேள்வி போட்டுத் திரும்பி வரும் சார்." தணிகாசலம் சார் யோசிக்கவில்லை. 'ஏதுமில்லை' என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார், பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்.

அந்த மரத்தடியில் பதினோரு வருடமாகப் பாடம் நடத்திவந்தவர் பியூலா டீச்சர். வெள்ளிக்கிழமை என்றால் ஒன்றாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்ற கணக்கு அவரிடம் கிடையாது. ஐந்து வயதும் பதின்மூன்று வயதும் ஒரே வட்டமாக உட்காரும், சுவரேறிக் குதித்து அங்கன்வாடிக் குழந்தைகளும் வந்து சேரும். பெரியவர்கள் அடிமரத்தின் சுற்றளவை எடுத்து வயதைக் கணக்குப் போடுவார்கள், சின்னவர்கள் எறும்பு வரிசையை எண்ணுவார்கள், எண்ணி முடிப்பதற்குள் எறும்பு போய்விடும், போனதும் ஒரு பாடம் என்பார் டீச்சர். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் புத்தகம் இல்லை, பலகை இல்லை. மரத்தடியில் ஒரு பாடவேளை முழுக்க மல்லாந்து படுத்து மேலே பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும். மேல்வனூரில் இந்தப் பதினோரு வருடத்தில் பள்ளிக்கூடம் சேர்ந்தவர்கள் எல்லாரும் அப்படி ஒருநாள் படுத்து எழுந்தவர்கள்தான். தணிகாசலம் சார் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒன்பது வருடம் அதை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

மரம் போனபோது பியூலா டீச்சர் பேறுகால விடுப்பில் இருந்தார். ஆடி மாதம் திரும்பி வந்தவர், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நிழலில் வெகுநேரம் நின்று மேலே பார்த்தார். பிறகு தலைமையாசிரியர் அறைக்கு வந்தார்.

"வாங்க டீச்சர். கொழந்த நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான் சார். மரம் வெட்டுற ஃபாரத்துல பயன்னு ஒரு கட்டம் இருக்குமாமே, அதுல என்ன சார் எழுதுனீங்க?"

தணிகாசலம் சார் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். "ஞாபகம் இல்ல டீச்சர்."

"சரிங்க சார்" என்றார் டீச்சர். அவ்வளவுதான். அன்றிலிருந்து காலையில் வணக்கம் சொன்னார், கேட்டதற்குப் பதில் சொன்னார், அவரிடம் எதையும் மறுபடி கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நிழலில் வகுப்பு கூடியது. மரம் இருந்தபோது நடந்த பாடங்களைவிட இப்போது பாடம் கூடிப்போயிருந்தது. காக்கையின் நிழலையும் மைனாவின் நிழலையும் வாலை வைத்துப் பிரித்தார்கள், நிழலின் ஓரத்தில் மணிக்கு ஒரு கூழாங்கல் வைத்துச் சூரியன் போகும் வழியை எழுதினார்கள், செம்போத்தின் நிழல் எந்தக் கிளையில் கூடு கட்டுகிறது என்பதை எட்டாம் வகுப்பு வரைந்துகாட்ட, ஒன்றாம் வகுப்பு அது தப்பு என்று சண்டை போட்டது. ஜன்னலில் நின்றிருந்த தணிகாசலம் சாருக்கு, தனக்கே விளங்காத ஒரு ஆசை வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய், பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். அவர்மேல் சுள்ளென்று வெயில் அடித்தது.

இலை இடுக்கு போலிருக்கிறது என்று தள்ளி உட்கார்ந்தார். வெயிலும் தள்ளி உட்கார்ந்தது. எழுந்து நடுவுக்குப் போனார். அவரைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு நிழல் விலகி வழிவிட்டது, அவர் நடக்க நடக்க அந்தப் பாய் கூடவே நடந்தது. ஏழாம் வகுப்பு மோனிஷ்தான் முதலில் கத்தினான்: "டேய், சார் லைட்டு போட்டுக்கினு வராருடா!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பியூலா டீச்சர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. "தலைமையாசிரியருன்னா ஒரு பிரகாசம் இருக்கத்தானே செய்யும்" என்றார் ஒருவர். "அட நீ வேற, வழுக்கைல பட்டுத் தெறிக்குதுய்யா" என்றார் சம்பந்தம். மரத்தை வெட்டின பாவம் என்று ஒரு கிழவி சொன்னாள், ஆனால் அது நிற்கவில்லை. ஜே.சி.பி. ஓட்டியவன் அந்த நிழலில் உட்கார்ந்துதான் சோறு தின்றான், பச்சையப்பன் அதில் துண்டை விரித்துக் குறட்டைவிட்டார், இரண்டுபேர் மேலேயும் நிழல் அம்மா மாதிரி விழுந்து கிடந்தது. அப்படியானால் வெட்டியது குற்றம் அல்ல. தணிகாசலம் சாருக்கு மட்டும் தெரியும், அது ஒரு கட்டம், ஒரு சொல்.

அவர் குடை கொண்டு வந்தார். நிழலுக்குள் குடையா என்று அங்கன்வாடிக் குழந்தைகள்கூடக் கேட்டதால் மடக்கி வைத்துவிட்டார். பள்ளி இல்லாத நாளில் தனியாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், பின்பக்கமாக நடந்துகூட வந்து பார்த்தார். ஒரு முழம் தள்ளி ஆடு ஒன்று நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும், அவர் மெல்லக் கையை நீட்டுவார், வெயில் கையோடு நீளும், ஆடு எழுந்து நகரும். வேறு மரத்தடியில் அவருக்கு நிழல் கிடைத்தது, கூரையடியில் கிடைத்தது, பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சி, உட்கார்ந்த உடனே தெரியாமல், கொஞ்சம் பொறுத்து, முதுகிலிருந்து மெல்ல இறங்கும் என்று ஊரே சொன்ன அந்தப் புங்கக் குளிர்ச்சி, எப்படி இருக்கும்? ஒன்பது வருடம் முப்பதடி தூரத்தில் இருந்தது. ஒருநாள்கூடப் போய் உட்காரவில்லை. உட்காராமல் இருந்ததற்குக் காரணம் தேடினால் வேலை இருந்தது என்று மட்டும்தான் வந்தது, என்ன வேலை என்று தேடினால் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆறாம் வகுப்பு கோபிகாவிடம் மூன்று புங்க விதைகள் இருந்தன. லாரி போன அன்று மிதிபட்டுக் கிடந்த காய்களிலிருந்து பொறுக்கி, காம்பஸ் பெட்டிக்குள் பஞ்சு வைத்து மூடி வைத்திருந்தாள். "நெழலு எத்தினி நாளிக்கி ஆளு இல்லாம நிக்கும் டீச்சர்? அதுக்கு அதோட மரம் வேணும்" என்றாள். அதனால் வேறெங்கும் அல்ல, அடிமரம் நின்ற அதே இடத்தில் ஆவணியில் முதல் விதையை ஊன்றினார்கள். முளைத்தது. ஆனால் நாளெல்லாம் நிழல் கவிந்த இடம் அது. முளை வெயிலைத் தேடி வெள்ளைப்பூண்டுத் தண்டு மாதிரி வெளுத்து, ஒரு சாண் வளர்ந்து, தலை சாய்ந்தது. ஐப்பசியில் இரண்டாவது. இந்த முறை சத்துணவுத் தட்டுகளைக் கழுவித் துடைத்து வரிசையாகப் பிடித்து வெயிலை உள்ளே திருப்பினார்கள், நிழலின் ஓரத்தைத் தாண்டியதும் அந்த வெளிச்சம் மண்ணில் தண்ணீர் மாதிரி வற்றிப்போனது. இரண்டாவதும் சாய்ந்தது. மூன்றாவது விதையைக் கோபிகா தரமாட்டேன் என்றாள். பியூலா டீச்சர் கேட்டும் தரவில்லை.

மாசியில் நிழல் இலை உதிர்த்தது. தரையில் வலைபோலக் கிளைகள் மட்டும் கிடந்தன, மரத்துக்கு அது வழக்கம்தான் என்று யாரும் கவலைப்படவில்லை. பங்குனியில் தளிர் வந்தது. வந்த பிறகு பிள்ளைகள் பழைய கூழாங்கற்களோடு வைத்துப் பார்த்தபோது, நிழல் சுற்றிலும் நான்கடி உள்ளே வந்திருந்தது. நிறமும் வெளுத்து, பலமுறை துவைத்த வேட்டிபோல இருந்தது. அன்று டீக்கடையில் யாரும் கேலி பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தணிகாசலம் சாரும் வந்திருந்தார், வழக்கம்போல எல்லாருக்கும் பின்னால், தன் வெயிலோடு. மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். கோபிகா திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், பாடத்தின் நடுவில் கேட்டாள்.

"சார், உங்க மேல மட்டும் ஏன் சார் வெயிலு?"

"ஏய், கோபிகா" என்றார் டீச்சர்.

தணிகாசலம் சார் எழுந்தார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகள் முன்னால் நின்ற மனிதருக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "மரம் வெட்ட ஃபாரம் எழுதுனேன் இல்ல, அதுல மரத்தால என்ன பயன்னு ஒரு கேள்வி இருந்துச்சு. ஏதுமில்லன்னு எழுதுனேன். டீச்சர் கேட்டப்ப ஞாபகம் இல்லன்னு சொன்னேன். ஞாபகம் இருந்துச்சு."

பியூலா டீச்சர் கையிலிருந்த கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் பிள்ளைகளும் அண்ணாந்து மேலே பார்த்துவிட்டு, அவரைப் பார்த்தார்கள். அவர் தலைமேல் வெயில் அப்படியே இருந்தது.

"சொல்லியும் போவலியே சார்!" என்றான் மோனிஷ், நிஜமான வருத்தத்தோடு.

"போவ வேணாம்டா" என்றாள் கோபிகா. எழுந்து நின்றவள் எதையோ மனதுக்குள் அளந்துகொண்டிருந்தாள். "அது இருக்கட்டும். சார், இங்க வாங்க. இன்னும் கொஞ்சம். இப்பிடி உக்காருங்க." அடிமரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தாள். பத்து மாதமாகச் சூரியனைச் சரியாகப் பார்க்காத அந்த மண்ணின்மேல் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுந்தது, நனைந்த மண்ணிலிருந்து ஆவி எழும்பியது. கோபிகா காம்பஸ் பெட்டியைத் திறந்தாள்.

அன்றிலிருந்து அவர் வேலை அதுவாயிற்று. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் வந்து உட்கார்வார், கோப்புகளை அங்கேயே மடியில் வைத்துப் பார்ப்பார், மணி அடித்தால் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்தப் பக்கம் சாயாதீங்க, ஒங்க நெழலு விழுது" என்று திருத்திவிட்டுப் போவார்கள். முதலில் நாற்காலி போட்டுக்கொண்டார், நாற்காலியின் நிழல் மறைக்கிறது என்று தரைக்கு வந்தார். பதினெட்டாம் நாள் மண் வெடித்து முளை தலைநீட்டியது. பச்சையாக இருந்தது.

சித்திரையில் நிழல் பூத்தது. தரையெங்கும் பொரிபோலப் புள்ளிகள் உதிர்ந்து, உதிர்ந்த இடத்திலேயே மறைந்தன. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். ஊர் ஆண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மெலிந்த நிழலில் வந்து தூங்கினார்கள், நடுவில் அவர்மட்டும் அக்கினி நட்சத்திரத்தின் கீழே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்பந்தம் நீர்மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உங்களுக்கு எதுக்கு சார் இந்தக் கொடுமை, வீட்ல ஃபேன் ஓடலியா?" என்பார். அவர் சிரிப்பார். சில சமயம் தன்னையே கேட்டுக்கொள்வார்: இந்த முளைக்காக வருகிறேனா, இல்லை, இதைக் காட்டியாவது ஒருநாள் அந்த நிழல் என்மேல் விழுமா என்று வருகிறேனா? இரண்டாவதுதான் உண்மை என்று பல நாள் தோன்றியது. அதற்காக வராமல் இருந்தால் முளை சாய்ந்துவிடும். ஆகவே காரணம் எதுவாக இருந்தாலும் உடம்பு வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். மே கடைசி நாள் சாலை ஓரத்தில் சாமியானா போட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையோடே வந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்.

ஜூனில் பள்ளி திறந்தது. புதிய தலைமையாசிரியர் அறையில் பெயர்ப்பலகை மாற்றிக்கொண்டிருந்தார்கள். முளை ஒரு சாண் உயரத்துக்கு வந்திருந்தது, நேற்றுவரை மடங்கியிருந்த முதல் பெரிய இலை அன்று காலையில் விரிந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒன்பது பிள்ளைகள், இரண்டுபேர் அழுதுகொண்டு, ஒருவன் மூக்கைச் சிந்திக்கொண்டு, நிழலுக்கு வந்தார்கள்.

"புதுசா வந்தவங்க எல்லாம் மல்லாந்து படுங்க பாக்கலாம்" என்றார் பியூலா டீச்சர்.

படுத்தார்கள். கோபிகா, இப்போது ஏழாம் வகுப்பு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தணிகாசலம் சார் முன்னால் வந்து நின்றாள். "சார், நீங்க?"

"நான் எதுக்கும்மா?"

"நீங்க இப்ப ஹெட்மாஸ்டர் இல்ல இல்ல? அப்ப புதுசுதானே? படுங்க சார்."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வேறெங்கோ பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து, முளைக்கு மேற்கே தலைவைத்து, அறுபது வயதில் அவர் பள்ளிக்கூட மண்ணில் மல்லாந்து படுத்தார். காலை வெயில் முகத்தில் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டார். இமைக்குள் எல்லாம் சிவப்பாக இருந்தது, எப்போதும்போல, இத்தனை மாதமாக இருந்த அதே சிவப்பு. சுற்றிலும் ஒன்பது பிள்ளைகள் குளிர்ச்சியில் புரண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

அப்போது இடது இமைமேல் மட்டும், கட்டைவிரல் நகத்தளவுக்கு, சிவப்பு கறுத்தது. காற்று வந்தது, அது நகர்ந்தது. காற்று நின்றது, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தார்.

"மேல என்ன தெரியுது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்று டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தார். வானம் என்றான் ஒருவன், காக்கா என்றாள் ஒருத்தி, ஒண்ணுமில்ல என்று அழுதாள் இன்னொருத்தி, நல்லாப் பாரு என்று அவளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, டீச்சரின் காலடி அவர் தலைமாட்டில் வந்து நின்றது.

"உங்களுக்கு என்ன சார் தெரியுது?"

அவரிடம் டீச்சர் ஒன்று கேட்டுப் பத்து மாதம் ஆகிவிட்டது.

"ஒரு எல, டீச்சர்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.